பதினோரு எழுத்து: வடசென்னை கன்டெய்னர் நிலையம் ஒன்று செயற்கை நுண்ணறிவு வாங்க எழுதிய இரண்டு தேவை ஆவணங்கள்

பின்னணி

மணலிக்கும் திருவொற்றியூருக்கும் இடையில் உள்ள ஒரு கன்டெய்னர் சரக்கு நிலையத்தில் நடந்தது இது. சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராசர் துறைமுகம், காட்டுப்பள்ளி ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் இறக்குமதிப் பெட்டிகள் ட்ரெய்லரில் இங்கே வந்து சேரும். சுங்க நடைமுறைகள் முடியும்வரை அவை யார்டில் அடுக்கப்பட்டிருக்கும். முடிந்ததும் இறக்குமதியாளரின் ஏஜென்ட் வந்து எடுத்துச் செல்வார். நான் அந்த நிலையத்தின் ஊழியன் அல்ல. அதன் கணக்கு மென்பொருளைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருபவன் என்ற முறையில், என்ன வேலை நடக்க வேண்டும் என்று விற்பனையாளர்களுக்குச் சொல்லும் தேவை ஆவணங்கள் இரண்டில் இரண்டாவதை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. முதல் ஆவணமும் அனுப்பப்படுவதற்கு முன் என் பார்வைக்கு வந்தது. அப்போது நான் எதுவும் சொல்லவில்லை என்பதை இங்கேயே குறித்துவிடுகிறேன்.

நிலையத்தின் தொல்லை பழையது. ட்ரெய்லர் கேட்டில் நின்றதும் கிளார்க் பெட்டியின் எண்ணைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். பிறகு அது கணினியில் ஏற்றப்படும். ஓர் எழுத்து பிசகினாலும் அந்தப் பெட்டி கணினியில் ஓரிடத்திலும் யார்டில் வேறோர் இடத்திலும் இருக்கும். ஏஜென்ட் வந்து நிற்கும்போது ‘பெட்டி காணோம்’ என்ற கூச்சல் எழும். பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ரீச் ஸ்டாக்கர் வண்டி மேலடுக்குகளை ஒவ்வொன்றாக இறக்கித் தேடும். டீசலும் நேரமும் வீணாகும். பின்னால் ட்ரெய்லர்கள் சாலைவரை நிற்கும்.

நிர்வாகி ஒரு கண்காட்சியில் கேமரா தானாகவே எண்ணைப் படிப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த வாரமே முதல் ஆவணம் தயாரானது.

முதல் ஆவணமும் அதன் விளைவும்

ஒன்றரைப் பக்கம் இருந்த அந்த ஆவணத்தின் பெரும்பகுதி ஒரு விற்பனையாளரின் கையேட்டிலிருந்து எடுக்கப்பட்டது. ‘அதிநவீன செயற்கை நுண்ணறிவுத் தொழில்நுட்பத்தின் மூலம் கன்டெய்னர் எண்ணையும் பெட்டியின் சேதங்களையும் 98 சதவீதத் துல்லியத்துடன் கண்டறிய வேண்டும்’ என்பது அதன் மையமான வாக்கியம். எதை எண்ணி 98 என்பது, யாருடைய படங்களில் எண்ணுவது, மீதி இரண்டு சதவீதத்தில் என்ன நடக்க வேண்டும் என்ற மூன்றுக்கும் அதில் இடமில்லை. மூன்று நிறுவனங்கள் விலைப்புள்ளி அனுப்பின. மூன்றும் 98 என்றே எழுதியிருந்தன, ஆவணம் அதைத்தானே கேட்டது. குறைந்த விலை சொன்னவருக்கு ஆணை போனது.

கன்டெய்னர் எண் ஐஎஸ்ஓ 6346 என்ற தரப்படி அமைவது. முதல் மூன்று எழுத்து உரிமையாளர் குறியீடு. நான்காவது எழுத்து வகையைக் குறிப்பது, சரக்குப் பெட்டிகளில் அது ‘யூ’. அடுத்து ஆறு இலக்கத் தொடர் எண். கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். ஆக மொத்தம் பதினொன்று. விற்பனையாளர் 98 சதவீதம் என்று கணக்குக் காட்டியது ஒவ்வோர் எழுத்துக்கும். யார்டுக்கு வேண்டியதோ முழு எண். ஒவ்வோர் எழுத்தும் 98 சதவீதம் சரி என்றால், பதினொன்றும் ஒருசேரச் சரியாக அமையும் வாய்ப்பு 0.98 ஐப் பதினொரு முறை பெருக்கக் கிடைப்பது, அதாவது சுமார் 0.80. நூறு பெட்டியில் இருபது தவறு. துரு ஏறிய பெட்டியில் பிழைகள் கும்பலாக வரும் என்பதால் நடைமுறையில் இந்தக் கணக்கு சற்றுத் தளரும் என்பது உண்மைதான். ஆனாலும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பெட்டிகள் சரியாக வர வேண்டுமானால் எழுத்துவாரியாக 99.9 சதவீதத்துக்கும் சற்று மேலே தேவைப்படும். இந்தப் பெருக்கலைப் போட ஐந்து நிமிடம் போதும். ஆணை கொடுப்பதற்கு முன் எங்களில் யாரும் போடவில்லை.

முதல் இரண்டு வாரம் கேட்டில் வாக்குவாதமாகக் கழிந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து பிழைகள் வெகுவாகக் குறைந்தன. விற்பனையாளர் மென்பொருளைப் ‘பழக்கிவிட்டோம்’ என்றார். நிர்வாகி மகிழ்ந்தார், கிளார்க்கும் கேபினை விட்டு இறங்குவதைக் குறைத்துக்கொண்டார்.

ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, ஒரு பெட்டியை எடுக்க வந்த ஏஜென்ட் கதவிலிருந்த சீல் எண் தன் ஆவணத்தோடு ஒத்துப்போகவில்லை என்று நிறுத்தினார். பெட்டியின் எண்ணைப் பார்த்தபோது அதுவும் வேறாக இருந்தது. ஒரே உரிமையாளர் மொத்தமாக வாங்கிய பெட்டிகளுக்கு அடுத்தடுத்த தொடர் எண்கள் இருக்கும். வர வேண்டிய பெட்டிக்குப் பதிலாக அதற்கு அடுத்த எண் கொண்ட பெட்டி வந்திருந்தது. கேமரா அதை உள்ளபடியே படித்திருந்தது. ஆனால் மென்பொருள் அந்த எண்ணை அன்றைக்கு வர வேண்டிய பெட்டிகளின் பட்டியலில் தேடி, கிடைக்காததால், மிக நெருங்கிய எண்ணாகத் ‘திருத்தி’ எழுதிவிட்டது. மூன்றாவது வாரத்தில் பிழை குறைந்ததன் ரகசியமும் இதுதான். படிக்கும் திறன் ஒரு துளியும் கூடியிருக்கவில்லை. எதிர்பார்த்ததையே படித்ததாகச் சொல்லும் பழக்கம்தான் வந்திருந்தது.

சரக்கு வெளியே போகவில்லை. விஷயம் விளக்கக் கடிதங்களோடு முடிந்தது. கேட்டில் பெட்டியின் எண்ணைப் பார்ப்பதே தவறான பெட்டியைத் தடுக்கத்தான். அந்த ஒரே வேலையைத்தான் இயந்திரம் செய்யாமல் விட்டது. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தபோது விற்பனையாளர் அதன் எந்த வரியையும் மீறவில்லை என்பது தெரிந்தது.

கேட்டில் ஒரு வாரம்

இரண்டாவது ஆவணத்தை உடனே எழுதித் தரும்படி நிர்வாகி கேட்டார். ஒரு வாரம் கேட்டில் உட்கார்ந்த பிறகே எழுதுவேன் என்று சொன்னேன். பகலில் மூன்று நாள், இரவில் நான்கு நாள் இருந்தேன். இங்கே கூட்டம் சேர்வது இரவில்தான்.

உள்ளே வரும் ட்ரெய்லர்கள் மேற்கு நோக்கி நிற்கும்; எனவே பெட்டியின் பின்கதவு கிழக்கே பார்க்கும், அதைப் படமெடுக்கும் கேமரா மேற்கே பார்க்கும். மாலை நாலரைக்கு மேல் சூரியன் நேராக லென்ஸில் விழுந்து, கதவு முழுவதும் கறுத்துப் போகும். இரவில் கம்பத்து விளக்கு கதவின் மேல்பாதியை வெளுக்க வைக்கும், எண் இருப்பதோ அந்த மேல்பாதியில். எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வரும் பெட்டிகளில் நிலக்கரித் தூசும் சாம்பலும் படிந்திருக்கும். பழைய பெட்டிகளில் எண்ணின் மேலேயே துரு வழிந்து இறங்கியிருக்கும்.

கிளார்க்குக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். அவர் படிக்கும் முறையைத்தான் நான் அதிக நேரம் கவனித்தேன். பின்கதவில் எண் அழிந்திருந்தால் பக்கவாட்டுக்குப் போவார். அங்கும் தெளிவில்லை என்றால் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, பெயின்ட் போன இடத்தில் எழுத்தின் மேட்டை விரலால் தடவிப் பார்ப்பார். டிரைவர் நீட்டும் காகிதத்தைக் கையில் வாங்கிக்கொள்வார், ஆனால் பெட்டியைப் படித்துப் பதிவேட்டில் எழுதி முடிக்கும்வரை அதை விரிக்க மாட்டார். ஏன் என்று கேட்டேன். “பேப்பர மொதல்ல பாத்துட்டா கண்ணு பேப்பர்ல இருக்கறதத்தான் சார் படிக்கும். பெட்டிய படிக்காது” என்றார்.

விற்பனையாளரின் மென்பொருள் செய்த தவறு இதுவேதான். அந்த வரியை அப்படியே என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பின்னர் அது ஆவணத்தின் நான்காவது பிரிவாயிற்று.

சேதம் கண்டறியும் வசதியைப் பற்றியும் அந்த வாரத்தில் ஒரு சிறு சோதனை செய்தோம். பெட்டிகளின் நிலையைப் பார்த்துக் குறிப்பெழுதும் சர்வேயர்கள் இருவரை ஒருவரோடொருவர் பேசாமல் ஒரே முப்பது பெட்டிகளைப் பார்த்துச் சேதக் குறிப்பு எழுதச் சொன்னோம். ஒருவர் நெளிவு என்று எழுதிய இடத்தை இன்னொருவர் ‘பழைய தேய்மானம்’ என்று விட்டிருந்தார். கணிசமான பெட்டிகளில் இருவரும் ஒத்துப்போகவில்லை. இருவரும் அனுபவசாலிகள், இருவர் சொன்னதற்கும் காரணம் இருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, சேதம் கண்டறிதலை ஆவணத்திலிருந்து முழுவதும் நீக்குவது. எது சேதம் என்பதில் இரண்டு மனிதர்களே ஒத்துப்போகாதபோது, இயந்திரம் சரியாகச் சொன்னதா என்று, வாங்கலாமா என முடிவு செய்யும் ஏற்புச் சோதனையில் எதை வைத்து அளப்பது? நிர்வாகிக்கு இதில் வருத்தம். கண்காட்சியில் அவரைக் கவர்ந்ததே அந்த வசதிதான். சர்வேயர்களுக்குள் ஒரு பொது வரையறை உண்டான பிறகு தனியாக வாங்கலாம் என்று சொல்லித்தான் அவரை இணங்க வைக்க முடிந்தது.

இரண்டாவது, ‘செயற்கை நுண்ணறிவு’ என்ற சொல்லை ஆவணத்தின் தலைப்போடு நிறுத்துவது. உள்ளே எங்கும் அது வராமல், என்ன வேலை நடக்க வேண்டும் என்பது மட்டுமே எழுதப்பட்டது. நல்ல விளக்கும் கேமராவைச் சற்றுத் தள்ளி நடுவதும் பாதிப் பிரச்சினையைத் தீர்க்குமானால், அதைச் சொல்லும் விற்பனையாளருக்கு ஆவணத்தில் வழி இருக்க வேண்டும் என்று எண்ணினேன்.

மூன்றாவதுதான் எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது. அளவின் அலகு ஒரு பெட்டி கேட்டை ஒருமுறை கடப்பது என்று வரையறுத்தோம். விளைவுகள் மூன்று: பதினொன்றும் சரி, தவறு, ‘தெரியவில்லை’. இந்த மூன்றாவதை முதல் ஆவணம் ஒரு தோல்வியாகக்கூட நினைத்துப் பார்த்திருக்கவில்லை; இரண்டாவது ஆவணம் அதை ஒரு விடையாகவே ஏற்றது. ‘தெரியவில்லை’ என்று வந்தால் கிளார்க் இறங்கிப் போய்ப் பார்ப்பார், ஓரிரு நிமிடம் ஆகும். உறுதியோடு சொல்லப்படும் தவறு அரை நாள் தேடலில் முடியும். ஆகவே இரண்டுக்கும் வெவ்வேறு உச்சவரம்பு வைத்தோம். தவறுக்கு மிகக் கடுமையாகவும், தெரியாமைக்குத் தாராளமாகவும். ஒட்டுமொத்தத் துல்லியம் என்ற ஒற்றை எண்ணை ஆவணம் எங்கும் கேட்கவில்லை.

நான்காவது, கிளார்க்கின் காகிதம். கேமரா படித்த எண் படித்தபடியே சேமிக்கப்பட வேண்டும். வருகைப் பட்டியலோடு ஒப்பிடலாம், ஆனால் பட்டியலைப் பார்த்து எண்ணை மாற்றக் கூடாது. இரண்டும் வேறுபட்டால் தடுப்புக் கம்பி உயராமல் திரையில் இரண்டையும் அருகருகே காட்ட வேண்டும் என்று எழுதினோம்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சரிபார்ப்பு இலக்கம் இருக்கும்போது பட்டியல் ஒப்பீடு எதற்கு என்று ஒரு விற்பனையாளர் பின்னர் கேட்டார். அந்த இலக்கம் இப்படிக் கிடைக்கிறது: ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு, ஏ என்பது 10, பி 12 என்று 11, 22, 33 ஆகியவற்றைத் தவிர்த்து இசட் 38 வரை, அவற்றையும் இலக்கங்களையும் இடத்துக்கேற்ப 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும் எண்களால் பெருக்கிக் கூட்டி, 11 ஆல் வகுத்து மீதியை எடுக்க வேண்டும். இலக்கத்தில் வரும் ஒற்றைப் பிழையை இது பெரும்பாலும் பிடித்துவிடும். மீதி 10 வந்தாலும் 0 என்றே எழுதுவது வழக்கமாதலால் அங்கே ஒரு சிறு ஓட்டை மட்டும் உண்டு. எழுத்துகளில்தான் சங்கடம். எஃப் 16, பி என்னும் பதினாறாவது எழுத்து 27. வித்தியாசம் சரியாக 11. ஜி 17, கியூ 28. ஹெச் 18, ஆர் 29. பதினொன்றால் வகுக்கும் கணக்குக்கு இந்த இணைகள் ஒன்றேதான். துரு வழிந்த எஃப் எழுத்தைக் கேமரா அந்தப் பதினாறாவது எழுத்தான பி என்று படித்தால் சரிபார்ப்பு இலக்கம் வாய் திறக்காது. உருவத்தில் நெருங்கிய எழுத்துகளே கணக்கிலும் நெருங்கி அமைந்தது தற்செயல்தான், ஆனால் நமக்குப் பாதகமான தற்செயல். எனவே பாரிஸில் உள்ள பன்னாட்டுக் கன்டெய்னர் அமைப்பு பதிவு செய்துள்ள உரிமையாளர் குறியீடுகளோடும், வருகைப் பட்டியலோடும், சரிபார்ப்பு இலக்கத்தோடும் தனித்தனியே ஒப்பிட்டு, எதில் இடறுகிறது என்று காட்டச் சொன்னோம்.

ஏற்புச் சோதனைக்கு எங்கள் கேட்டின் படங்களையே எடுத்து வைத்தோம். பாதிக்கு மேல் இரவுப் படங்கள். மாலைச் சூரியனும் மழையும் துருவும் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டன. கிளார்க்கும் ஒரு சர்வேயரும் தனித்தனியே எண்களை எழுதினார்கள். வேறுபட்டவற்றை மூன்றாமவர் பார்த்தார். அந்தப் படங்கள் விற்பனையாளரிடம் முன்கூட்டித் தரப்படவில்லை. சோதனை நாளன்று எங்கள் கணினியில், எங்கள் முன்னிலையில் ஓட வேண்டும். மென்பொருளின் பதிப்பு மாறும் ஒவ்வொரு முறையும் அதே சோதனையைத் தாண்டியே கேட்டுக்கு வர வேண்டும்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலி வட்டாரம் நீரில் நின்றதும், யார்டில் நாள்கணக்கில் இணையம் இல்லாமல் போனதும் எல்லோருக்கும் நினைவிருந்ததால், இணையம் இல்லாமலும் கேட் இயங்க வேண்டும் என்ற வரியை யாரும் விவாதிக்கவே இல்லை. படங்களில் டிரைவர்களின் முகம் விழுவதால், 2023 ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனதில் கொண்டு, முகம் பதியாத கோணம், சேமிக்கும் காலத்துக்கு வரம்பு, எங்கள் எழுத்துபூர்வ அனுமதியின்றிப் படங்களை வேறு எவருக்கும் மென்பொருள் பயிற்சிக்குப் பயன்படுத்தத் தடை ஆகியவை சேர்க்கப்பட்டன. தமிழ்நாடு அரசு 2020 இல் வெளியிட்ட பாதுகாப்பான, அறம்சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை அரசுத் துறைகளுக்கானது. தனியார் யார்டைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் தணிக்கைக்கு உட்பட வேண்டும் என்று அது வலியுறுத்துவதைப் படித்த பிறகுதான், ஒவ்வொரு முடிவுக்கும் படமும் நேரமும் பதிப்பு எண்ணும் பதிவாக வேண்டும் என்ற வரியைச் சேர்த்தேன்.

தொடர்ந்து நடந்தவை

ஐந்து நிறுவனங்களுக்கு ஆவணம் போனது. இரண்டு பதில் சொல்லவில்லை. ஒன்று, தானாகத் திருத்துவதைத் தடுக்கும் பிரிவை நீக்கினால் மட்டுமே வர முடியும் என்று எழுதியது. அந்தக் கடிதமே எங்களுக்குப் போதுமான விடையாக இருந்தது. இன்னொன்று பன்னாட்டு மேலாண்மைத் தரச் சான்றிதழ் ஒன்றை முன்வைத்தது. நிறுவனம் தன் பணிகளை எப்படி நிர்வகிக்கிறது என்பதை அந்தச் சான்றிதழ் சொல்லும். எங்கள் கேட்டில் இரவு பதினோரு மணிக்கு அதன் கேமரா என்ன படிக்கும் என்பதைச் சொல்லாது. அந்த நிறுவனத்தையும் சோதனைக்கு அழைத்தோம். அது தவறுக்கான வரம்பைத் தாண்டித் தோற்றது.

ஐந்தாவது, ஊழியர் சிலரே உள்ள சிறு நிறுவனம். விலை சொல்வதற்கு முன் அவர்கள் ஒரு மாலை வந்து கேட்டில் நின்றார்கள். கம்பத்து விளக்கை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் இரண்டு விளக்குகளைத் தாழ்வாக வைக்க வேண்டும், பக்கவாட்டு எண்ணையும் படிக்க இன்னொரு கேமரா வேண்டும் என்றார்கள். கிளார்க் டார்ச்சைச் சாய்த்துப் பிடிப்பதும் இதே காரணத்துக்காகத்தான். அவர்கள் சோதனையில் தேறினார்கள். ‘தெரியவில்லை’ என்ற விடை மற்றவர்களைவிட அவர்களுக்கு அதிகம், தவறு மிகக் குறைவு. கடைசித் தவணைத் தொகையை வடகிழக்குப் பருவமழை முடியும்வரை நிறுத்தி வைக்கும் நிபந்தனைக்கு முணுமுணுத்தபடியே ஒப்புக்கொண்டார்கள்.

கேட்டில் எண் தவறி யார்டில் பெட்டி தேடும் நிலை, நான் இதை எழுதும்வரை, மீண்டும் வரவில்லை. துறைமுகத்திலிருந்து தவறான பெட்டி ஒன்று பிறகும் வந்தது. தடுப்புக் கம்பி உயரவில்லை, ட்ரெய்லர் அங்கிருந்தே திரும்பியது. கிளார்க் வேலையில் தொடர்கிறார். ‘தெரியவில்லை’ என்று வருபவை அவருக்கு.

மாற்ற வேண்டியவை

தெரியாமைக்கு வைத்த வரம்பை மாதச் சராசரியாக எழுதியது என் பிழை. மாதக் கணக்கில் விற்பனையாளர் ஒருமுறையும் வரம்பை மீறவில்லை. ஆனால் ‘தெரியவில்லை’ மாதம் முழுக்கச் சீராகப் பரவி வருவதில்லை. அடைமழை பெய்யும் இரவில், கூட்டம் அதிகமுள்ள இரண்டு மணி நேரத்தில் மொத்தமாக வந்து குவிகிறது. அப்படி ஓர் இரவில் கிளார்க் நனைந்துகொண்டே ஓடி ஓடிப் பார்க்க, ட்ரெய்லர்கள் சாலைவரை நின்றன. ஒப்பந்தப்படி அந்த மாதம் குறையில்லாத மாதம். இனி எழுதுவதானால் வரம்பை மணிக்கணக்கில் எழுதுவேன்.

திரையில் வரும் அறிவிப்புகள் ஆங்கிலத்தில் வந்தன. இரவு ஷிப்டில் இருப்பவர்கள் அவற்றைப் படிக்காமல் சிவப்பு, பச்சை நிறத்தை மட்டுமே பார்த்து இயக்கினார்கள் என்பது இரண்டு மாதம் கழித்தே தெரிந்தது. தமிழில் வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் செலவின்றிக் கிடைத்திருக்கும். பிறகு கேட்டபோது தனிக் கட்டணம் ஆயிற்று.

கிளார்க் கையால் திருத்தி ஏற்றும் எண்கள் விற்பனையாளருக்குப் பயிற்சித் தரவாகப் போகின்றன. அதற்கு நாங்கள் அனுமதி தந்திருக்கிறோம், ஆனால் அந்த உழைப்புக்கு ஒரு மதிப்புப் போட்டு ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தில் கழித்திருக்க வேண்டும். அடுத்த புதுப்பிப்பில் இதைக் கேட்கும்படி நிர்வாகியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்று, ஆவணத்தை எழுதிய யாருக்கும் தோன்றாதது. கடற்காற்றில் வரும் உப்பு கேமராவின் கண்ணாடியில் மெல்லிய படலமாக ஒட்டுகிறது. அதன் மேல் சாம்பல் படிகிறது. நவம்பரில் ‘தெரியவில்லை’ திடீரெனக் கூடியபோது விற்பனையாளர் மென்பொருளைத் தோண்டிக்கொண்டிருந்தார், நான் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளார்க் ஏணி போட்டு ஏறி, ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இறங்கினார். பதினான்கு பக்க ஆவணத்தில் அதை யார் துடைக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. இப்போது கேட் பதிவேட்டில் அதற்கென்று தனிக் கட்டம் போட்டிருக்கிறார்கள். வெயில் காலத்தில் வாரம் இருமுறை, மழைக் காலத்தில் ஷிப்டுக்கு ஒருமுறை, துடைத்தவர் கையெழுத்தோடு.